கயித்துக் கட்டில் மாதிரி ஒரு சுவர்: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல, யூரின் கல்ச்சர் ரிப்போர்ட்ல "கிராம் நெகட்டிவ் பேசிலை"ன்னு போட்டிருந்தா என்ன அர்த்தம்னு ஒருத்தர் கேட்டிருந்தார். பேசிலைன்னா குச்சி வடிவ பாக்டீரியா, கிராம் நெகட்டிவ்ங்கறது பாக்டீரியாவோட சுவர் எப்படி இருக்குங்கறத வச்சுப் பிரிக்கிறதுன்னு ரெண்டே வரியில பதில் சொல்லி முடிச்சிட்டேன். அதுக்கப்புறம் வந்த கடிதம், மெயில் எல்லாத்துலயும் பாதிக்கு மேல அந்தச் சுவரப் பத்திதான் கேள்வி. வாழ்க்கையில பாதிய மைக்ராஸ்கோப் முன்னாடி உக்காந்து கழிச்சவளுக்கு இத விட சந்தோஷம் வேற இல்ல, அதனால இந்தத் தடவ முழுக்க சுவர்தான்.

கேள்வி: நான் கொத்து வேலை பாக்குறேன். கண்ணுக்கே தெரியாத கிருமிக்கு எதுக்குங்க சுவர்? அத எதால கட்டியிருக்கு?
(கட்டடத் தொழிலாளி, திண்டுக்கல்)

ஐயா, வந்ததுலயே உங்க கேள்விதான் அஸ்திவாரம், அதனால முதல்ல இதையே எடுத்துக்கிட்டேன்.

எதுக்குன்னு மொதல்ல சொல்லிடறேன். பாக்டீரியாவுக்குள்ள உப்பு, சர்க்கரை, புரோட்டீன்னு எல்லாம் நெருக்கியடிச்சுக்கிட்டு கெடக்கு, வெளிய இருக்கிறது பெரும்பாலும் நீர்த்துப்போன தண்ணிதான். காஞ்ச திராட்சைய தண்ணியில போட்டா ஊறி உப்புதுல்ல, அதே மாதிரி தண்ணி உள்ள போகணும் போகணும்னு தள்ளிக்கிட்டே இருக்கும். உள்ள இருக்கிற சவ்வு சோப்பு நுரை கணக்கா மெல்லிசு, அது மட்டும் தனியா இருந்தா தாங்காது, வெடிச்சிடும். கார் டயர்ல நாம அடிக்கிற காத்து 2 அட்மாஸ்பியர் சுத்து வரும், ஸ்டெஃபைலோகாக்கஸ் மாதிரியான கிருமிக்குள்ள இருக்கிற அழுத்தம் 20 அட்மாஸ்பியர் பக்கம் போகும்னு கணக்கு. டியூப் வெடிச்சிடாம டயர் இறுக்கிப் புடிச்சிருக்கிற மாதிரி, சவ்வு வெடிச்சிடாம இந்தச் சுவர் புடிச்சு வச்சிருக்கு.

எதால கட்டியிருக்குன்னா, சுவர்னு பேர்தான், செங்கல் அடுக்கின மாதிரி கெட்டியா இருக்காதுங்க. கயித்துக் கட்டில் பாத்திருப்பீங்க, நீளவாக்குல ஒரு கயிறு குறுக்குவாக்குல ஒரு கயிறுன்னு பின்னி, ஆளு உக்காந்தா கொஞ்சம் கீழ எறங்கும், எந்திரிச்சா பழைய மாதிரி ஆயிடும். அந்தப் பின்னல ஒரு பை மாதிரி வளைச்சு, வாயே இல்லாம மூடித் தச்சுட்டா எப்படி இருக்கும், அதான் பாக்டீரியாவோட சுவர். பேரு பெப்டிடோகிளைக்கான், இன்னொரு பேரு மியூரின், லத்தீன்ல மூரஸ்னா சுவர்னு அர்த்தம் அதுலேர்ந்து வந்தது. நீளக் கயிறு சர்க்கரைச் சங்கிலி, அதுல ரெண்டே வகை மணி மாத்தி மாத்திக் கோத்திருக்கும், என்-அசிட்டைல் குளுக்கோசமைன், என்-அசிட்டைல் முராமிக் ஆசிட், காலேஜ் பசங்க சுருக்கமா நாக், நாம்னு சொல்லுவாங்க. அந்த நாம் ஒவ்வொண்ணுலேர்ந்தும் நாலஞ்சு அமினோ ஆசிட் கொண்ட ஒரு குட்டி வால் தொங்கும், பக்கத்துச் சங்கிலியில தொங்குற வாலோட அது கை கோத்துக்கும். அதுதான் குறுக்குக் கயிறு. ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ்ல ரெண்டு வாலுக்கும் நடுவுல அஞ்சு கிளைசின் சேந்த ஒரு பாலமே இருக்கு, நம்ம குடல்ல இருக்கிற ஈ கோலைங்கற கிருமியில பாலம் இல்லாம நேராவே கோத்துக்கும். 1964-ல வைடல், பெல்ட்சர்னு ரெண்டு ஜெர்மன் ஆராய்ச்சியாளர்கள் இத என்னன்னு சொன்னாங்கன்னா, இந்தப் பை முழுக்க ஒரே மாலிக்யூல், அவ்வளவு பெரிசா பை வடிவத்துல ஒரு மாலிக்யூல்னாங்க. ஒரு முடிச்சுகூட தனியா நிக்கல, எல்லாம் ஒண்ணோட ஒண்ணு கெமிக்கலா ஒட்டினது.

ஆனா உங்க தொழில்காரர் ரசிக்கிற இடம் வேற இருக்கு. நாம வீட்ட விரிச்சுக் கட்டணும்னா சுவர இடிச்சுட்டு, மழை வராத நாளாப் பாத்துக் கட்டுவோம். பாக்டீரியா உள்ள குடியிருந்துக்கிட்டே, அவ்வளவு அழுத்தத்தையும் தாங்கிக்கிட்டே, சுவர அங்கங்க அறுத்து நடுவுல புதுக் கயிறு சொருகித் திரும்ப முடிச்சுப் போட்டுக்கிட்டே இருக்கு. ஈ கோலைக்கு நல்ல தீனி கெடச்சா 20 நிமிஷத்துக்கு ஒருக்கா ரெண்டாப் பிரியும், அதுக்குள்ள அந்தப் பை முழுக்க இன்னொரு மடங்கு வளந்தாகணும். அறுத்து எடுத்த துண்டையும் அது வீணாக்காது, ஒரு தலைமுறைக்குள்ள சுவர்ல கிட்டத்தட்ட பாதிய கழட்டி உள்ள எடுத்துட்டுப் போய் திரும்பக் கட்டுறதுக்கு வச்சுக்கும். இதுல சித்தாள், கொத்தனார் எல்லாம் உண்டு. கல்லு உள்ள தயாராகுது, கொழுப்பு மாலிக்யூல் ஒண்ணு அத சொமந்துக்கிட்டு சவ்வைத் தாண்டி வெளிய கொண்டாந்து குடுக்குது, வெளிய இருக்கிற என்சைம் அத வாங்கி சங்கிலியில சேத்து முடிச்சுப் போடுது. இந்த முடிச்சுப் போடற என்சைம மட்டும் மறக்காம ஞாபகம் வச்சுக்கங்க, கீழ வர்ற பதில்ல பாதி அதச் சுத்திதான்.

கேள்வி: பிஎஸ்சி மைக்ரோபயாலஜி முதல் வருஷம் படிக்கிறேன். தடிச்ச சுவர் ஊதா, மெல்லிய சுவர் பிங்க்னு புக்ல இருக்கு. சுவர்தான் கலர் புடிக்குதா? பிராக்டிகல்ல நான் போட்ட ஸ்டெஃபைலோகாக்கஸ் ஸ்லைடு பாதி ஊதா பாதி பிங்க்கா வந்துச்சு மேடம், ஏன்?
(மாணவர், திருநெல்வேலி)

தம்பி, நீங்க கேக்கறது கிராம் ஸ்டெயின்ங்கற சாயம் போடற முறையப் பத்தி, கடைசியில ஊதாவா நிக்கிற கிருமி கிராம் பாசிட்டிவ், பிங்க்கா மாறுறது கிராம் நெகட்டிவ். சுவர் மட்டும் கலர் புடிக்கல. கிரிஸ்டல் வயலெட்ங்கற ஊதா சாயத்த ஊத்தினதும் அது எல்லா செல்லுக்குள்ளயும் போயிடும், பாசிட்டிவ்வா நெகட்டிவ்வான்னு பாக்காது. ஒரு நிமிஷம் கழிச்சு அயோடின் விடறோம்ல, அப்ப வயலெட்டும் அயோடினும் சேந்து பெரிய கட்டியா மாறுது. இப்ப எல்லா செல்லும் ஊதாதான். இதுக்கடுத்து விடற ஆல்கஹால்லதான் ரெண்டும் வேற வேற ஆகுது. கிராம் பாசிட்டிவ்ல சுவர் 20-லேர்ந்து 80 நானோமீட்டர் வரைக்கும் தடிமன், அடுக்கடுக்கா பின்னல், ஆல்கஹால் பட்டதும் தண்ணி இழந்து சுருங்கி கண்ணி எல்லாம் இறுகிடும், உள்ள இருக்கிற பெரிய கட்டி வெளிய வர வழியில்லாம மாட்டிக்கும். கிராம் நெகட்டிவ்ல பின்னல் ஒரு சில நானோமீட்டர்தான், அதுக்கு வெளிய கொழுப்பால ஆன இன்னொரு சவ்வு போத்தியிருக்கும், ஆல்கஹால் அந்தக் கொழுப்பைக் கரைச்சிடும், மெல்லிசுப் பின்னலால தடுக்க முடியாது, கலர் வழிஞ்சு போயிடும். வெறுமையா நிக்கிற அதுக்கு கடைசியா விடற சாஃப்ரனின் பிங்க் குடுக்குது. அதனால சுவர சாயம் ஏறுற துணியா நினைக்காதீங்க, அது கதவு மாதிரி, சாத்திக்கிச்சா இல்லையாங்கறதுதான் கலரா நமக்குத் தெரியுது.

உங்க ஸ்லைடுக்கு வர்றேன். நான் கேக்கற முதல் கேள்வி கல்ச்சர், அதாவது வளத்து எடுத்த கிருமி, எத்தனை மணி நேரம் ஆனது? வெள்ளிக்கிழமை போட்ட பிளேட்டை திங்கக்கிழமை எடுத்து ஸ்லைடுல தேச்சு ஸ்மியர் போட்டிருந்தா அதுலயே விஷயம் முடிஞ்சுது. வயசான செல்லுல சுவர் அங்கங்க கிழிஞ்சு, இத்துப் போயிருக்கும், பாசிட்டிவ்வா இருந்தாலும் கலர விட்டுடும். 18-லேர்ந்து 24 மணி நேரக் கல்ச்சர்தான் எடுக்கணும். அடுத்தது ஆல்கஹால். ஸ்லைடை சாய்ச்சுப் புடிச்சு சொட்டுச் சொட்டா விட்டு, ஓடி வர்ற தண்ணியில ஊதா நின்ன அந்த நொடியில தண்ணியில கழுவிடணும், பத்து பதினஞ்சு செகண்ட்தான், பக்கத்துல இருக்கிற ஃப்ரெண்டுகிட்ட பேசிக்கிட்டே விட்டா பாசிட்டிவ்வும் வெளுத்துடும். அப்புறம் ஸ்மியர் மொத்தையா இருந்தா நடுவுல ஆல்கஹால் சரியா எறங்காது, ஓரத்துல ஒரு கலரும் நடுவுல ஒரு கலருமா வரும். ஒரே ஸ்லைடுல ஒரு பக்கம் தெரிஞ்ச ஸ்டெஃபைலோகாக்கஸ், இன்னொரு பக்கம் தெரிஞ்ச ஈ கோலை, நடுவுல உங்க சேம்பிள்னு மூணு ஸ்மியர் போட்டுப் பழகுங்க, கை தப்பினா ஓரத்துல இருக்கிற ரெண்டுமே காட்டிக் குடுத்துடும்.

வீட்டுத் தயிர ஒரு நாள் எடுத்துட்டு வாங்க. ஒரு துளிய நெறைய தண்ணியில கரைச்சு மெல்லிசா தேச்சுக் காயவச்சு இதே ஸ்டெயின் போட்டு, நூறு மடங்கு லென்ஸ்ல எண்ணெய் வச்சு பாருங்க. கரும் ஊதாவுல குச்சி குச்சியா, பாசிமணி கோத்த மாதிரி உருண்டை உருண்டையா வரிசை கட்டி நிக்கும். தினமும் சோத்துல பெசஞ்சு சாப்பிடறது எவ்வளவு தடிச்ச சுவர் வச்சிருக்குன்னு அன்னைக்கு உங்களுக்குத் தெரியும், எங்க கிளாஸ்ல பசங்க அத்தன பேரும் ஒரே நேரத்துல எட்டிப் பாக்க வந்தது இந்த ஸ்லைடுக்குத்தான்.

இந்த முறைய 1884-ல பெர்லின்ல ஒரு ஆஸ்பத்திரி பிணவறையில வேலை பாத்தப்ப கண்டுபுடிச்சவர் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம், டென்மார்க் நாட்டு டாக்டர். நிமோனியாவுல செத்தவங்களோட நுரையீரல் துண்டுல, மனுஷத் திசுவிலேர்ந்து கிருமிய மட்டும் தனியாக் காட்டணும்னுதான் அவர் முயற்சி பண்ணினார், பாக்டீரியாவ ரெண்டு ஜாதியா பிரிக்கணும்னு இல்ல. சில கிருமி கலர விட்டுடுதுங்கறத அவர் ஒரு குறையாத்தான் பாத்தார், இந்த முறை இன்னும் அரைகுறைதான், ஆனா மத்தவங்களுக்குப் பயன்படலாம்னு நம்பி வெளியிடறேன்னு அந்தக் கட்டுரையிலயே எழுதியிருக்கார். சாஃப்ரனின் சேத்தது அப்புறம் வந்த கார்ல் வைகெர்ட். ஏன் சிலது விடுது சிலது விடலங்கறதுக்குக் காரணம் சுவர்லதான் இருக்குன்னு தெளிவாத் தெரிய இன்னும் பல வருஷம், எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் எல்லாம் வந்த பிறகுதான்.

கேள்வி: பல் வீக்கத்துக்கு டாக்டர் 625 மாத்திரை எழுதினார். 500 தானே இருக்கும், அது என்ன 625? சுவர உடைக்கிற மருந்துன்னு சொல்றாங்களே, அப்ப நம்ம செல்லை உடைக்காதா?
(ஜவுளிக்கடை ஊழியர், ஈரோடு)

500 மில்லிகிராம் அமாக்ஸிசிலின், 125 மில்லிகிராம் கிளாவுலானிக் ஆசிட், கூட்டினா 625. ஏன் ரெண்டு சேக்கறாங்கங்கறதுல பெரிய கதையே இருக்கு.

உடைக்கிற மருந்துன்னு சொல்றது முழுசா சரி இல்லைங்க. அமாக்ஸிசிலின் பெனிசிலின் குடும்பம், அது சுவர் மேல போய் ஒரு அடியும் அடிக்கல. மேல சொன்னேன்ல, முடிச்சுப் போடற என்சைம், அது குட்டி வாலோட நுனியில டி-அலனின், டி-அலனின்னு ஒரே அமினோ ஆசிட் ரெண்டு அடுத்தடுத்து இருக்கிறத அடையாளம் பாத்துதான் புடிக்கும். பெனிசிலினோட வடிவம் பாக்க அந்த ரெண்டு அலனின் மாதிரியே இருக்கு, 1965-ல டிப்பர், ஸ்ட்ரோமிங்கர்னு ரெண்டு பேர் இத விளக்கினாங்க. என்சைம் ஏமாந்து அதப் புடிச்சுக்கும், புடிச்சா விட முடியாது, கை அப்படியே ஒட்டிக்கும். இப்ப கொத்தனார் கை கட்டியாச்சு, ஆனா சுவர அறுக்கற ஆளு நிக்கல, அது பாட்டுக்கு அறுத்துக்கிட்டே இருக்கு. அறுத்த இடத்துல முடிச்சு விழல, உள்ள அழுத்தம் அப்படியே இருக்கு. மைக்ராஸ்கோப்ல பாத்தா குச்சி மாதிரி இருந்த கிருமிக்கு நடுவயித்துல ஒரு கொப்புளம் தள்ளும், பெருசாகும், பட்டுன்னு போயிடும், வெறும் கூடு மட்டும் மங்கலா கெடக்கும். கிருமிய சாகடிக்கிறது அதோட சொந்த அழுத்தமும் சொந்தக் கத்தியும்தான். அதே காரணத்தாலதான் வளராம சும்மா முடங்கிக் கெடக்கிற பாக்டீரியாவ பெனிசிலின் பெருசா ஒண்ணும் பண்றதில்ல, அங்க கட்டுமான வேலையே நடக்கலையே.

நம்ம செல்லுக்கு சுவரே கெடையாது. அந்த என்சைமும் கெடையாது, வாலும் கெடையாது, நம்ம புரோட்டீன் எல்லாம் 'எல்' வகை அமினோ ஆசிட்ல கட்டினது, 'டி' வகை அதோட கண்ணாடி பிம்பம் மாதிரி, டி-அலனின் அந்தக் கணக்குலயே வராது. பெனிசிலினுக்கு நம்ம உடம்புல புடிக்க ஆளு இல்ல. சில பேருக்கு அலர்ஜி வருதுல்ல, அது வேற வழி, நம்ம எதிர்ப்பு சக்தி அந்த மருந்த எதிரின்னு நினைச்சுக்கிட்டு பண்றது, அத கண்டிப்பா டாக்டர்கிட்ட முன்னாடியே சொல்லிடணும்.

125-க்கு வர்றேன். பாக்டீரியாவும் சும்மா இல்ல, பீட்டா லாக்டமேஸ்னு ஒரு என்சைம் வச்சுக்கிட்டு பெனிசிலினோட நாலு மூலை வளையத்த கத்தரிச்சிடும். 1940-லயே ஆபிரகாம், செயின்னு ரெண்டு பேர் இப்படி ஒரு என்சைம் இருக்குன்னு எழுதிட்டாங்க, யோசிச்சுப் பாருங்க, பெனிசிலின் ஊர் உலகத்துக்குக் கெடைக்கறதுக்கு முன்னாடியே. கிளாவுலானிக் ஆசிட் போய் அந்தக் கத்தரியோட வாயில மாட்டிக்கிட்டு அத செயலிழக்க வைக்குது, அமாக்ஸிசிலின் தப்பிச்சுத் தன் வேலையப் பாக்குது. ஆனா எம்ஆர்எஸ்ஏ-ன்னு கேள்விப்பட்டிருப்பீங்க, இங்கிலாந்துல 1961-ல முதல்ல தெரிய வந்த ஸ்டெஃபைலோகாக்கஸ், அது கத்தரியோட நிக்கல, கொத்தனாரையே மாத்திடுச்சு. பெனிசிலின் ஒட்டாத வேற ஒரு முடிச்சு என்சைம் அதுகிட்ட இருக்கு, அதனால 625 போட்டாலும் அது கட்டிக்கிட்டே இருக்கும். அதுக்கு வேன்கோமைசின்னு ஊசி போடுவாங்க, அது என்சைம விட்டுட்டு அந்த ரெண்டு அலனின் மேல தானே தொப்பி மாதிரி போய் உக்காந்துக்கும். இது பெரிய மாலிக்யூல், கிராம் நெகட்டிவ்வோட வெளிச் சவ்வுல இருக்கிற சின்ன ஓட்டையில நுழையாது, அதான் யூரின்ல வர்ற ஈ கோலைக்கு அத எழுத மாட்டாங்க. ரிப்போர்ட்ல கிராம் பாசிட்டிவ், நெகட்டிவ்னு முதல் வரியிலயே போடறது இதுக்காகத்தான், முழு கல்ச்சர் வர ரெண்டு மூணு நாள் ஆகும், கலர் பத்து நிமிஷத்துல தெரிஞ்சிடும்.

கேள்வி: கால் விரல் இடுக்குல சேத்துப்புண். வீட்ல மிச்சம் இருந்த அமாக்ஸிசிலின் நாலு நாள் போட்டேன், கேக்கலையே?
(விவசாயி, மன்னார்குடி)

கேக்காதுங்க. சேத்துப்புண் பெரும்பாலும் பூஞ்சை, பூஞ்சைக்கும் சுவர் உண்டு ஆனா அது கைட்டினும் குளுக்கானும் வச்சுக் கட்டினது, இறால் ஓடு இருக்குல்ல அதுல இருக்கிறதும் அந்தக் கைட்டின்தான். பெப்டிடோகிளைக்கான் அங்க துளியும் கெடையாது. பெனிசிலின தயாரிக்கிறதே ஒரு பூஞ்சைதான், அதோட சுவரும் அந்த வகைதான், அதான் தன் மருந்து தன்னையே ஒண்ணும் செய்றதில்ல. விரல் இடுக்க நல்லாத் தொடச்சுக் காய விடுங்க, பூஞ்சைக்கான களிம்பு தனியா இருக்கு, டாக்டர்கிட்ட காட்டி வாங்குங்க, சர்க்கரை வியாதி இருந்தா இன்னைக்கே போங்க.

கேள்வி: என் பையனுக்கு ஒன்பது வயசு. ரெண்டு வாரமா வறட்டு இருமல், லேசா காய்ச்சல். முதல்ல அமாக்ஸிசிலின் குடுத்தாங்க, குறையல. எக்ஸ்ரே பாத்துட்டு டாக்டர் அசித்ரோமைசின் மாத்திக் குடுத்தார், நாலு நாள்ல தெளிஞ்சுட்டான். முதல் மருந்து டூப்ளிகேட்டா?
(இல்லத்தரசி, கும்பகோணம்)

பையன் தெளிஞ்சது ரொம்ப சந்தோஷம்மா. மருந்து டூப்ளிகேட்டா இருக்கணும்னு அவசியமே இல்ல. உங்க பையனுக்கு என்ன கிருமின்னு இங்க இருந்து நான் சொல்ல முடியாது, ஆனா பள்ளிக்கூட வயசுப் பிள்ளைங்களுக்கு இப்படி இழுத்துக்கிட்டே போற இருமலுக்கு அடிக்கடி காரணமா இருக்கிறது மைக்கோபிளாஸ்மா நிமோனியேன்னு ஒரு பாக்டீரியா, டாக்டரும் அத மனசுல வச்சுத்தான் மாத்தியிருப்பார். அதுக்கு சுவரே இல்ல. ஆமாம்மா, மேல இவ்வளவு நேரம் சொன்ன பின்னல் பை அதுக்குக் கெடையாது, வெறும் சவ்வோட வாழுது.

அப்ப ஏன் வெடிக்கலன்னு கேப்பீங்க. அது குளத்துலயும் குட்டையிலயும் தனியா வாழற கிருமி இல்ல, நம்ம சுவாசக் குழாய் செல்லை ஒட்டிக்கிட்டே இருக்கும், அங்க உப்பும் தண்ணியும் எப்பவும் நிதானமா ஒரே அளவுல இருக்கும். போதாததுக்கு நம்மகிட்ட இருந்தே கொலஸ்ட்ரால எடுத்து சவ்வுல சேத்துக்கிட்டு அத கொஞ்சம் கெட்டியாக்கிக்கும். சுவர் கட்டறதத் தடுக்கிற மருந்துக்கு அங்க என்ன வேலை, கட்டடமே இல்லாத மனையில கொத்தனார் கைய கட்டி என்ன ஆகப் போகுது. அசித்ரோமைசின் சுவர் பக்கமே போகாது, உள்ள புரோட்டீன் தயாராகுற ரைபோசோம அடைக்கும், அதான் கேட்டுச்சு. இந்தக் கிருமிக்கு கிராம் ஸ்டெயின் போட்டாலும் ஒண்ணும் தெரியாது, கலர நிறுத்தி வைக்கச் சுவர் வேணுமே.

கேள்வி: ஊசி மருந்து கம்பெனியில வேலை. ஆட்டோகிளேவ்ல (அழுத்தமான நீராவிச் சூட்டுல) வச்சு எல்லா கிருமியும் செத்த பிறகும் எண்டோடாக்ஸின் டெஸ்ட் பாஸ் ஆனாதான் பேட்ச் வெளிய போகும். செத்த கிருமி என்ன பண்ணும்?
(மருந்து ஆலை ஊழியர், ஓசூர்)

கிருமி செத்துடும், சுவர் சாகாது. கிராம் நெகட்டிவ்வோட வெளிச் சவ்வுல மேல்பக்கம் முழுக்க லிப்போபாலிசாக்கரைடுன்னு ஒண்ணு நட்டு வச்சிருக்கும், எல்பிஎஸ்னு நீங்க லேப்ல சொல்றது. அதோட அடிவேரு லிப்பிட் ஏ. நம்ம ரத்தத்துல அது துளி கலந்தா போதும், வெள்ளை அணுக்கள் கிராம் நெகட்டிவ் கிருமி உள்ள வந்துடுச்சுன்னு முடிவு பண்ணி காய்ச்சல், நடுக்கம், பிரஷர் எறங்கறதுன்னு ஆரம்பிச்சிடும். கிருமி உயிரோட இருக்கா செத்துதான்னு அது பாக்கறதில்ல, சுவரோட அந்தத் துண்ட மட்டும்தான் பாக்குது. காலரா கிருமியில 1892-ல ரிச்சர்ட் ஃபைஃபர் இத கவனிச்சு எண்டோடாக்ஸின்னு பேர் வச்சார். அப்புறம் 1923-ல அமெரிக்காவுல ஃப்ளோரன்ஸ் சைபர்ட், ஊசிக்கான காய்ச்சி வடிச்ச தண்ணியில கூட இது தங்கி காய்ச்சல் வர வைக்குதுன்னு காட்டினாங்க. 121 டிகிரியில 15 நிமிஷம் ஆட்டோகிளேவ் கிருமிக்குப் போதும், இதுக்குப் பத்தாது, கண்ணாடிக் குப்பிய 250 டிகிரி உலர் சூட்டுல 30 நிமிஷம் வைக்கிறீங்களே அது இதுக்குத்தான்.

டெஸ்டு உங்களுக்கே தெரியும், மத்த வாசகர்களுக்காக சொல்றேன். குதிரைலாட நண்டோட நீல ரத்தத்திலேர்ந்து எடுத்த பொடிய கரைச்சு, மருந்தோட சின்ன டியூப்ல கலந்து 37 டிகிரியில ஒரு மணி நேரம் அசைக்காம வைக்கணும், அப்புறம் டியூப மெதுவா தலைகீழாத் திருப்பணும். தண்ணியா வழிஞ்சா பாஸ். பனங்குழம்பு மாதிரி கெட்டியா ஒட்டிக்கிட்டு விழாம நின்னா பேட்ச் அவுட். அந்த ஜீவன் கோடிக்கணக்கான வருஷமா கடலோரச் சேத்துல கிராம் நெகட்டிவ்வுக்கு நடுவுல வாழுது, காயம் பட்டா அந்த எடத்துல ரத்தம் கட்டியாகி கிருமிய அங்கேயே பூட்டிடும், அதத்தான் நாம டியூப்ல போட்டுப் பாக்கறோம். அதுக்கு முன்னாடி முயலுக்கு ஊசி போட்டு காய்ச்சல் அளந்துக்கிட்டு இருந்தாங்க. இப்ப நண்டு ரத்தமும் வேண்டாம்னு, அதுல இருக்கிற புரோட்டீன லேப்லயே ஜீன் வச்சுத் தயாரிக்கிற ரீகாம்பினன்ட் முறை வந்திருக்கு, அது சீக்கிரம் எல்லா இடத்துலயும் வரணும்னு எனக்கு ஆசை.

கேள்வி: அப்பாவுக்கு டிபி. மத்த இன்ஃபெக்‌ஷனுக்கு அஞ்சு நாள் மாத்திரை, இதுக்கு மட்டும் ஆறு மாசம். சளி டெஸ்ட்ல "ஆசிட் ஃபாஸ்ட்"னு வந்துச்சு. இதுவும் சுவர் விஷயம்தானா?
(வாசகி, காஞ்சிபுரம்)

பெரும்பாலும் சுவர் விஷயம்தான்மா. டிபி கிருமிக்கும் பெப்டிடோகிளைக்கான் உண்டு, ஆனா அதுக்கு மேல அராபினோகேலக்டன்னு ஒரு சர்க்கரை அடுக்கு, அதுக்கும் மேல மைக்காலிக் ஆசிட்னு மெழுகு. நம்ம சமையல் எண்ணெயில இருக்கிற கொழுப்பு ஆசிட்டுக்கு 16, 18 கார்பன் நீளம், மைக்காலிக் ஆசிட்டுக்கு 60-லேர்ந்து 90 வரைக்கும். மழைக்கோட்டு போட்டுக்கிட்ட மாதிரி, தண்ணியில கரைஞ்ச சாயமும் உள்ள போகாது, மருந்தும் சட்டுன்னு போகாது. கிராம் ஸ்டெயின் இதுக்குச் சரியா வராது. அதனால கார்பால் ஃபுக்ஸின்னு ஒரு செவப்பு சாயத்த ஸ்லைடு மேல ஊத்தி அடியில தீ காட்டி, கொதிக்க விடாம ஆவி பறக்கிற அளவுக்கு சூடு பண்ணுவோம், சூட்டுல மெழுகு எளகி சாயம் உள்ள போயிடும். ஆறினதும் சல்ஃபூரிக் ஆசிட் ஊத்தினா மத்த எல்லாம் வெளுத்துடும், இது விடாது. அப்புறம் மெத்திலின் ப்ளூ. நீலமான பின்னணியில சன்னமா, லேசா வளைஞ்ச செவப்புக் குச்சி ஒண்ணு ரெண்டு கண்ணுல பட்டா போதும். ஆசிட்டுக்கும் அசையாததால ஆசிட் ஃபாஸ்ட். ஒரு ஸ்லைடுக்கு நூறு ஃபீல்டு பாக்கணும், தொண்ணூத்தஞ்சு ஃபீல்டு வரைக்கும் ஒண்ணுமே இல்லாம கடைசியில அந்த ஒரு செவப்புக் குச்சி வர்றப்ப, அந்தப் பேப்பர்ல இருக்கிற பேருக்காக மனசு கனத்துப் போகும், கூடவே கண்டுபுடிச்சாச்சு இனி சரி பண்ணிடலாம்னு ஒரு தெம்பும் வரும்.

உங்க அப்பா சாப்பிடற மாத்திரையில ஐசோநியாசிட் அந்த மைக்காலிக் மெழுகு தயாராகறதத் தடுக்குது, எத்தாம்பியூட்டால் நடு அடுக்கு அராபினோகேலக்டனத் தடுக்குது. ரெண்டும் கட்டுமானத்த நிறுத்தற மருந்து. ஆனா டிபி கிருமி ஒரு தடவ ரெண்டாப் பிரிய முக்கா நாள் எடுத்துக்கும், சிலது அதுவும் பண்ணாம நுரையீரல்ல மாசக்கணக்குல தூங்கிக்கிட்டு கெடக்கும். கட்டாத கிருமிகிட்ட கட்டுமானத்த நிறுத்தற மருந்து பலிக்காது, அதான் ரிஃபாம்பிசினும் பைராசினமைடும் சேந்து குடுக்கறாங்க, அது வேற இடத்துல அடிக்கும், மெதுவா இருக்கிறதையும் விடாது. ஒண்ணு ரெண்டு மாசத்துல சளி டெஸ்ட் நெகட்டிவ் ஆகும், இருமல் நிக்கும், உடம்புல சதை புடிக்கும், ஆனா தூங்கினதுங்க எந்திரிக்க எந்திரிக்க அடிக்கணும், அதுக்குத்தான் மிச்ச மாசம். யூரின் ஆரஞ்சு கலர்ல போச்சுன்னா பயப்படாதீங்க, அது ரிஃபாம்பிசினோட கலர்.

அப்பாவ வீட்ல வச்சே பாத்துக்கறது சரியான்னு கடிதத்துல கடைசியா கேட்டிருந்தீங்க. அந்தக் கேள்விக்கு உலகத்துக்கே பதில் சொன்னது நம்ம சென்னைம்மா. 1956-ல சேத்துப்பட்டுல ஆரம்பிச்ச காசநோய் ஆராய்ச்சி மையத்துல, ஒரு பகுதி நோயாளிங்கள சானடோரியத்துலயும் (டிபி நோயாளிங்கள தங்க வச்சுப் பாக்கிற ஆஸ்பத்திரி) இன்னொரு பகுதி நோயாளிங்கள நெருக்கடியான அவங்க சொந்த வீட்லயே வச்சும் மருந்து குடுத்து ஒப்பிட்டுப் பாத்தாங்க. 1959-ல முடிவு வந்துச்சு, சாப்பாடும் ஓய்வும் கம்மியா இருந்தும் வீட்ல இருந்தவங்களும் கிட்டத்தட்ட அதே அளவுக்கு குணமானாங்க, கூட இருந்த குடும்பத்துக்கு அதனால ஆபத்து கூடவும் இல்ல. அதுக்கப்புறம்தான் டிபின்னா சானடோரியம்ங்கற வழக்கம் ஊர் ஊரா மாறுச்சு. மருந்து சரியா போகுதாங்கறத மட்டும் பாத்துக்கங்க, வீட்ல இருக்கிற சின்னப் பிள்ளைங்களுக்கும் ஒரு தடவ டெஸ்ட் பண்ணிடுங்க.

கேள்வி: எங்க வீட்ல கோழி 21 நாள் அடை காக்குது. அவ்வளவு சூட்டுல முட்டை ஏன் அழுகிப் போகல?
(எட்டாம் வகுப்பு மாணவி, நாமக்கல்)

கண்ணு, எவ்வளவு அருமையான கேள்வி இது! பால வெளிய ஒரு நாள் வச்சா திரிஞ்சிடுது, முட்டை 21 நாள் வெதுவெதுப்புல கெடந்தும் நல்லா இருக்கே. ஓடும் உள்தோலும் தடுக்குது, வெள்ளைக்கருவுல கிருமிக்கு வேண்டிய இரும்புச்சத்தையும் ஒரு புரோட்டீன் கட்டிப் போட்டு வச்சிருக்கு. எல்லாத்துக்கும் மேல வெள்ளைக்கருவுல லைசோசைம்னு ஒரு என்சைம் நெறைய இருக்கு. மேல கயித்துக் கட்டில்னு சொன்னேன்ல, அதோட நீளக் கயித்த, நாம்-க்கும் நாக்-க்கும் நடுவுல, இது கத்தரிச்சிடும். பெனிசிலின் முடிச்சுப் போடறத நிறுத்துது, இது போட்டு முடிச்ச கயித்தையே வெட்டுது.

இதக் கண்டுபுடிச்சவரும் பெனிசிலின் கண்டுபுடிச்ச அதே அலெக்ஸாண்டர் ஃப்ளெமிங்தான், பெனிசிலினுக்கு ஏழு வருஷம் முன்னாடி, 1921-ல லண்டன்ல. சளி புடிச்சிருந்தப்ப தன்னோட மூக்குச் சளியையே கிருமி வளக்கிற பிளேட்ல விட்டுப் பாத்தார், சளி பட்ட எடத்துல மஞ்சள் கிருமி எல்லாம் கரைஞ்சு போயிருந்துச்சு. கண்ணீர்லயும் இருக்குன்னு தெரிஞ்சதும் எலுமிச்சம்பழத்த வச்சு லேப்ல இருந்தவங்க கண்ணுலேர்ந்து கண்ணீர் வரவச்சு சேத்தாராம். எச்சில்லயும், தாய்ப்பால்லயும் இது இருக்கு. எல்லாக் கிருமியும் இதுக்கு மசியாது, ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் தன் கயித்துல ஒரு சின்ன அசிட்டைல் தொங்க விட்டுக்கிட்டு கத்தரி படாம தப்பிச்சுக்கும், கிராம் நெகட்டிவ்ல வெளிச் சவ்வு மறைச்சிடும்.

பெரிய கிளாஸ் போய் லேப்ல டீச்சர் துணையோட ஒண்ணு செஞ்சு பாரு. மைக்ரோகாக்கஸ் லூட்டியஸ்னு ஒரு மஞ்சள் கிருமி, ஆபத்தில்லாதது, அதத் தண்ணியில கலக்கினா அரிசி கழுவின தண்ணி மாதிரி கலங்கலா இருக்கும், டியூபுக்குப் பின்னாடி பேப்பர் வச்சா எழுத்து தெரியாது. அதுல நீர்த்த வெள்ளைக்கரு ஒரு சொட்டு விட்டுட்டு வெளிச்சத்துக்கு நேரா புடிச்சுக்கிட்டே நில்லு. சில நிமிஷத்துல பின்னாடி எழுத்து ஒவ்வொண்ணா தெரிய ஆரம்பிக்கும்.